குருத்துப் பூச்சியின் தாய்ப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி? டெல்டாவுக்குப் புதிதாய் வந்தவர்களுக்கு

சம்பா கதிர் வாங்கும் சமயத்தில், பச்சை வயலுக்கு நடுவே அங்கங்கே வெள்ளைவெளேரென்று விறைத்து நிற்கும் கதிர்களைப் பார்த்திருப்பீர்கள். பால் பிடித்த கதிர் தலை சாயும். இது சாயாது. லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும், கசக்கினால் உமிதான் மிஞ்சும். இதை வெண்கதிர் என்பார்கள், சாவி என்றும் சொல்வார்கள். புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள் குருத்துப் பூச்சியைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கதிரைப் பார்த்த பிறகுதான். அந்த நேரத்தில் விசாரித்துப் பயனில்லை. புழு தண்டுக்குள் உட்கார்ந்து தின்ன வேண்டியதைத் தின்று முடித்திருக்கும்.

புழுவைத் தேடாதீர்கள், அதன் தாயைத் தேடுங்கள். வைக்கோல் நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சி, இறக்கைக்கு ஒன்றாக ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு முறை கண்ணில் பதிந்துவிட்டால் அப்புறம் தப்பாது. பதிய வைப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்ப்போம்

குருத்துப் பூச்சி, தண்டுத் துளைப்பான், மஞ்சள் தண்டுத் துளைப்பான், எல்லாம் ஒன்றுதான். வேளாண் துறையினர் தண்டுத் துளைப்பான் என்று எழுதுவார்கள், வரப்பில் நிற்பவர் குருத்துப் பூச்சி என்பார். அறிவியல் பெயர் ஸ்கிர்போஃபேகா இன்செர்டுலாஸ். 1863-இல் பிரான்சிஸ் வாக்கர் என்ற ஆங்கிலேயர் விவரித்துப் பெயர் வைத்தார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் பூச்சி சேகரிப்பை வரிசைப்படுத்தியவர் அவர். பழைய பாடப்புத்தகம் கையில் இருந்தால் அதில் டிரைபோரைசா என்றோ ஷீனோபியஸ் பைபங்டிஃபர் என்றோ இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லாம் இதே பூச்சிதான். பைபங்டிஃபர் என்றால் இரண்டு புள்ளி கொண்டது என்று பொருள். புதிதாகக் கற்பவருக்கு அந்தப் பழைய பெயர்தான் உபயோகம் என்று எனக்குத் தோன்றும், அடையாளம் பெயரிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நெல் மூட்டையைப் பிரித்ததும் முகத்தில் மோதுகிற அந்து வேறு. அது இன்னும் சின்னது, பின்னிறக்கை ஓரத்தில் நீண்ட மயிர்கள் இருக்கும், சேமித்த மணிக்குள் புகுந்து தின்னும். இங்கே பேசுவது வயலில் நிற்கும் பயிரைத் தேடி வரும் அந்து.

பெண்ணைப் பார்ப்பது

விடியற்காலை 6 மணிக்கு, பனி காயுமுன் நாற்றங்காலுக்குப் போங்கள். வரப்பில் குந்தி, கண்ணை நாற்றின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் பச்சை மட்டும்தான் தெரியும். இலை மேல் தலைகீழாகவோ நிமிர்ந்தோ, அசையாமல் ஒரு சின்ன மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கும். முதல் பார்வைக்குக் காய்ந்த இலைத் துணுக்கு என்றே நினைப்பீர்கள்.

கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு நெல்மணியை நீளவாக்கில் வைத்த நீளம் இருக்கும். இறக்கைகளை முதுகின் மேல் ஓட்டுக்கூரை சாய்வாக மடித்து வைத்திருக்கும், அதனால் மேலிருந்து பார்த்தால் நீண்ட முக்கோணம். தலைக்கு முன்னால் சின்ன அலகு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது வாயை ஒட்டிய உணர்நீட்சி. முன்னிறக்கை பளிச்சென்ற வைக்கோல் மஞ்சள். அதன் நடுவில், பேனா முனையால் வைத்த மாதிரி ஒரே ஒரு கறுப்புப் புள்ளி, இரண்டு பக்கமும். பின்னிறக்கை வெளிறியிருக்கும், பறக்கும்போதுதான் தெரியும். இறக்கையை விரித்தால் ஓர் அங்குலத்துக்கு முன்பின்.

அடுத்து வால்முனையைப் பாருங்கள். மஞ்சள் பழுப்பில் பட்டுநூல் குஞ்சம் மாதிரி மயிர் அடர்ந்திருக்கும். அதைத் தான் இடும் முட்டைகளின் மேல் உதிர்த்துப் போர்த்திவிடும். குஞ்சம் தடித்திருந்தால் இன்னும் முட்டையிடாத பெண், மெலிந்து பிய்ந்திருந்தால் சில இரவுகள் இட்டு முடித்தது என்று ஓரளவு கணக்குப் போடலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன். முட்டை முட்டையாக எண்ணுகிற ஆராய்ச்சியாளர் சிரிக்கலாம்.

தொட்டுப் பார்க்க நினைத்தால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். இறக்கைச் செதில்கள் அவை. வயதான பூச்சிக்குச் செதில் உதிர்ந்து புள்ளி மங்கிப்போகும், ஆகவே புள்ளி தெரியவில்லை என்று உடனே தள்ளிவிடாதீர்கள். இந்த அந்து தின்பதில்லை, உறிஞ்சுகுழல் தேய்ந்துபோன இனம் இது. புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்ததை வைத்துக்கொண்டு சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பயிரில் இது உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தின்கிறது என்று எண்ணி விரட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஆணில்தான் ஏமாறுவோம்

ஆண் சின்னது. நிறம் வெளிறிய பழுப்பு, சாம்பல் கலந்தது. நடுப்புள்ளி இருந்தாலும் மங்கல்தான். இறக்கையின் வெளி ஓரத்தில் பொடிப் பொடியாய்க் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும், நுனியில் இருந்து உள்ளே சாய்வாக ஒரு மங்கிய கோடு ஓடும். வால் குஞ்சம் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். விளக்கடியில் ஆணை மட்டும் பார்த்துவிட்டு "நம்ம வயல்ல குருத்துப் பூச்சி இல்ல" என்று நிம்மதியாகத் தூங்கப் போனவர்களில் நானும் ஒருவன்.

விளக்கு வைப்பது

பகலில் இது இலைக்கூட்டத்துக்குள் ஒதுங்கிவிடும், தட்டினால்தான் நாலு அடி பறந்து மறுபடி உட்காரும். இருட்டிய பிறகு விளக்கைத் தேடி வரும். ஆகவே புதியவருக்கு எளிதான இடம் விளக்கடிதான்.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு பல்பு, பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். வெண்மையான ட்யூப் லைட்டுக்கு வரவு அதிகம், மஞ்சள் எல்.ஈ.டி.க்குக் குறைவு. 7 மணியில் இருந்து 10 மணி வரை போதும். இரவு முழுக்க எரியவிட்டால் வயலுக்கு நன்மை செய்யும் பூச்சிகளும் வந்து சாகும், கரண்டும் வீண். பௌர்ணமிக்கு முன்பின் இரண்டு மூன்று நாள் வேட்டி காலியாக இருக்கும். பூச்சி குறைந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளாதீர்கள், நிலா வெளிச்சத்தில் விளக்கின் கவர்ச்சி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மழை தூறி நின்ற, காற்றில்லாத, புழுக்கமான அமாவாசை இரவில் பாருங்கள், ஈசலும் அந்துமாக வேட்டியின் வெள்ளையே தெரியாது.

கணக்கெடுக்க மட்டுமில்லாமல் பிடிக்கவும் வேண்டுமென்றால், பல்புக்குக் கீழே அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுவது வழக்கம். இதுதான் விளக்குப் பொறி. ஆணை மட்டும் இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் கிடைக்கிறது. இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள், பொறியில் விழுந்த ஆண்களை வைத்து மேலே சொன்ன ஆண் அடையாளத்தைப் பழகிக்கொள்ளலாம்.

இதைப் போலவே இருக்கும் மற்றவை

நான் பட்ட அடியைச் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டு குடவாசல் பக்கம் வந்த முதல் வருஷம். சம்பா நட்டு ஒன்றரை மாதம் இருக்கும். வரப்பில் நடந்தால் காலடியில் இருந்து சின்னச் சின்ன மஞ்சள் அந்துகள் குப்பென்று கிளம்பின. போனில் படம் எடுத்துக்கொண்டு ஓடினேன். மருந்துக் கடையில் படத்தைச் சரியாகப் பார்க்காமலே "குருத்துப் பூச்சி சார்" என்று இரண்டு டப்பா எடுத்து வைத்தார்கள். அடித்தேன். மறுநாள் பக்கத்து வயல் பெரியப்பா வந்து, ஓர் இலையைப் பிரித்துக் காட்டினார். இலை நீளவாக்கில் மடிந்து, ஓரங்கள் நூலால் தைத்தது போல் ஒட்டியிருந்தது. உள்ளே பச்சைப் புழு.

"தம்பி, இது இலையை மடிக்கிறது. குருத்துக்குள்ள போறது பகல்ல இப்படிப் பறந்துகிட்டுத் திரியாது."

அது இலைச்சுருட்டுப் புழுவின் அந்து. குருத்துப் பூச்சியைவிடச் சிறியது, பொன் மஞ்சள், முன்னிறக்கையில் புள்ளிக்குப் பதிலாகக் குறுக்கே நெளிந்த கறுப்புக் கோடுகள், வெளி ஓரத்தில் கருமைப் பட்டை. உட்காரும்போது இறக்கையைக் கூரையாக மடிக்காமல் தட்டையாக விரித்துவைக்கும். கோடு என்றால் இலைச்சுருட்டு, புள்ளி என்றால் குருத்து. இவ்வளவுதான் வித்தியாசம். அந்த வருஷம் நான் அடித்த மருந்துக்கு நிஜமான குருத்துப் பூச்சி கட்டுப்படவில்லை, அது வந்ததே ஒரு மாதம் கழித்து.

விளக்குக்கு வரும் இன்னொன்று கூண்டுப் புழுவின் அந்து. பால் வெள்ளை, இறக்கையில் வெளிறிய பழுப்புத் திட்டுகள். இதன் புழு இலை நுனியை வெட்டிச் சுருட்டிக் குழாயாக்கி, அதற்குள் இருந்துகொண்டு தண்ணீரில் மிதக்கும். அழகான பூச்சி, பயிருக்குப் பெரும்பாலும் சின்னத் தொல்லைதான், வயலில் தண்ணீரை வடித்தாலே அடங்கும்.

கரும்புக் கொல்லை பக்கத்தில் இருந்தால், தடித்த உடம்பும் வைக்கோல் நிறமுமாக, புள்ளியில்லாத ஓர் அந்தும் வரும். இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான். கரும்பு, மக்காச்சோளம், நெல் என்று பல பயிரில் கை வைக்கும். தண்டைப் பிளந்தால் புழு இளஞ்சிவப்பாக இருக்கும், நம்முடையதோ வெளிர் மஞ்சள். ஆனைக்கொம்பனையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது அந்தே இல்லை, கொசு மாதிரி ஓர் ஈ. நடுக்குருத்து வெங்காயத்தாள் போலக் குழலாகிவிட்டால் அதன் வேலை.

முட்டை: நேரத்தைச் செலவிட வேண்டிய இடம்

அந்தை அடையாளம் தெரிந்துகொண்ட பின், உண்மையான லாபம் முட்டையில் இருக்கிறது. பெண் இரவில் இலை நுனிப் பக்கமாகக் குவியலாக இடும். ஒரு குவியலில் இருபதும் இருக்கும், நூறை ஒட்டியும் இருக்கும். மேலே அந்தப் பட்டுமயிர்ப் போர்வை. பார்வைக்குப் பயறு அளவில், பழுப்பு மஞ்சளான ஒரு பஞ்சு ஒட்டு. நாற்றுப் பறிக்கிற அக்காமார்களைக் கேட்டால் "இலையில புழுக்கை ஒட்டின மாதிரி இருக்குமே, அதுவா?" என்பார்கள். அதுவேதான்.

5 முதல் 8 நாளில் பொரியும். பொடிப்புழுக்கள் இலை நுனிக்கு ஏறி, நூல் விட்டுத் தொங்கி, காற்றில் ஆடிப் பக்கத்துத் தூருக்குப் போகும். இலையுறைக்குள் நுழைந்து தண்டைத் துளைக்கும். பொதுவாக ஒரு தண்டுக்கு ஒரு புழு. தூர் கட்டும் பருவத்தில் துளைத்தால் நடுக்குருத்து காயும், கதிர் வரும் பருவத்தில் துளைத்தால் வெண்கதிர். தண்டுக்குள் ஒரு மாதம் போல இருந்துவிட்டு, வெளியேற ஒரு துளை போட்டு அதை மெல்லிய வலையால் மூடி, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஒரு வாரம் பத்து நாளில் அந்தாக வரும். எல்லாம் சேர்த்து ஒன்றரை மாதக் கதை. மருந்து எட்டாத இடத்தில் இருக்கும் அந்த ஒரு மாதத்தைவிட, கைக்கு எட்டும் இந்த ஐந்தாறு நாள்தான் நமக்கு வாய்ப்பு.

ஆகவே நாற்றங்காலில் முட்டைக் குவியல் ஒட்டிய இலைகளைப் பொறுக்குங்கள். நடவுக்கு முன் நாற்று முடிச்சின் நுனியைக் கிள்ளி நடுவது பழைய வழக்கம், காரணம் இதுதான். நுனியோடு முட்டையும் போய்விடும். இயந்திர நடவுக்கு விடும் பாய் நாற்றங்காலில் நாற்று குட்டையாக இருக்கும், கிள்ள வழியில்லை. நேரடி விதைப்பிலும் இல்லை. அங்கெல்லாம் கண்தான் துணை.

பொறுக்கிய முட்டையை உடனே நசுக்காதீர்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி நிழலில் வையுங்கள். பல குவியல்களில் இருந்து புழுவுக்குப் பதிலாக, கண்ணுக்கே தெரியாத பொடிக் குளவிகள் வரும். முட்டை ஒட்டுண்ணிகள். அவற்றைத் திரும்ப வயலில் விட்டுவிட்டு, புழு வந்தால் மட்டும் கொல்லலாம். முதல் முறை அதைப் பார்த்தபோது பாட்டிலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடையில் கிடைக்கும் ட்ரைக்கோகிரம்மா ஜப்பானிகம் ஒட்டுண்ணி அட்டையும் இதே வேலைதான். அட்டை கட்டிய வாரத்தில் மருந்து அடித்தால் கட்டியது வீண்.

ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல், அல்லது பத்து சதவீதம் குருத்து காய்ந்த தூர்கள், கதிர்ப் பருவத்தில் இரண்டு சதவீதம் வெண்கதிர். இதைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். படம் பார்க்காமலே டப்பா எடுத்து வைப்பவரிடம் கேட்காதீர்கள்.

குருத்து காய்ந்தது இதனால்தானா என்று உறுதி செய்ய, இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்து, அடிப்பகுதி கடிபட்டு இருந்தால் இதுதான். எலி வெட்டினால் தண்டு சாய்வாக அறுபட்டிருக்கும். கதிர் வெளுத்து, ஆனால் இழுத்தால் வராமல் கழுத்துக் கணு கறுத்திருந்தால் அது குலை நோய்.

எங்கெல்லாம் இருக்கிறது

இது ஏறக்குறைய நெல்லை மட்டுமே நம்பி வாழும் பூச்சி. அதனால் ஆசியாவின் நெல் வரைபடத்தைப் போட்டால் இதன் வரைபடமும் கிடைத்துவிடும். பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, வங்காளதேசம், மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தென் சீனா, தைவான், ஜப்பானின் தென்பகுதி வரை. சீனர்கள் இதை மூன்று தலைமுறைத் துளைப்பான் என்ற பொருளில் அழைக்கிறார்கள். அங்கே பல பகுதிகளில் குளிர் வந்துவிடும், வருஷத்துக்கு மூன்று சுற்றுக்கு மேல் பெரும்பாலும் முடியாது. குளிரில் புழு அறுத்த தாளின் அடிக்குள் சுருண்டு கிடந்து, வெப்பம் திரும்பியதும் வெளியே வரும்.

நம் டெல்டாவில் அந்தத் தடை கிடையாது. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது வழக்கம், தண்ணீர் கல்லணை தாண்டி வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரியும்போது குறுவை நட்டாகிவிடும். குறுவை அறுப்புக்கு முன்பே சம்பா நாற்று நிற்கும், குறுவை அறுத்த வயலில் தாளடி ஏறும். ஆக ஆனியில் இருந்து மாசி வரை எங்கோ ஓரிடத்தில் இளந்தூர் இருந்துகொண்டே இருக்கும். ஒரு வயலில் இருந்து கிளம்பும் அந்துக்கு அடுத்த வயல் தயார். தண்ணீர் நிற்கும் நிலம் இதற்கு இடைஞ்சல் கிடையாது. வங்காளதேசத்து ஆழ்நீர் நெல்லிலும் முக்கியமான தண்டுத் துளைப்பான் இதுதான். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சை, எங்கே விளக்கு வைத்தாலும் பார்க்கலாம். என் வேட்டியில் அதிகம் விழுவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். தாமதமாக நட்ட தாளடிக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அறுப்புக்குப் பின் தாளை நிற்கவிட்டால் உள்ளே புழுவும் கூட்டுப்புழுவும் நிற்கும். மடக்கி உழுதால் கணிசமானவை அழியும். இதை ஒருவர் மட்டும் செய்தால் பலன் குறைவு, ஒரே வாய்க்கால் பாயும் வயல்கள் முழுக்கச் செய்ய வேண்டும். இங்கேதான் வேலை நின்றுபோகிறது.

முற்றிலும் எதிர்ப்புள்ள ரகம் என்று ஒன்று கையில் இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட ஐ.ஆர். 20 போன்ற சில ரகங்கள் ஓரளவு தாங்கும். ஐ.ஆர். 20 பிலிப்பைன்ஸில் இருந்து 1969-இல் வந்த ரகம் என்றாலும் அதன் பெற்றோரில் ஒன்று நம் டி.கே.எம். 6. தாங்கும் குணம் அங்கிருந்து போனது. ரகங்களைப் பற்றிக் கேட்க ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1922-இல் இருந்து இதே வேலைதான் செய்கிறார்கள்.

எழுதி வைப்பது

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். பக்கவாட்டில்தான் அலகும் வால் குஞ்சமும் தெரியும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு நெல்மணியை வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் அடையாளம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஜூலைக் கடைசியில், நமக்கு ஆடியில், உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். அதில் டெல்டாவில் இருந்து எனக்கு ஆசையான பதிவு பூச்சியே வராத இரவின் பதிவுதான், ஆனால் அதை யாரும் ஏற்றுவதில்லை.

நோட்டில் நாலே விவரம் போதும்: தேதி, வானம், விளக்கு எரிந்த நேரம், பெண் எத்தனை ஆண் எத்தனை. ஒரு போகம் விடாமல் எழுதினால், எண்ணிக்கை ஏறி இறங்குவது உங்கள் வயலுக்கே உரிய கணக்காகத் தெரியும். பெண் எண்ணிக்கை திடீரென ஏறிய நாளில் இருந்து ஒரு வாரம் முட்டை பொறுக்கப் போங்கள். என் நோட்டில் போன சம்பாவின் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: கார்த்திகை 9, மூட்டம், காற்றில்லை, 7 முதல் 9 வரை. பெண் 11, ஆண் 4. இலைச்சுருட்டு எண்ணவில்லை. காலையில் மேலவயல் வரப்போரம் முட்டை 6 குவியல், பாட்டிலில் போட்டாச்சு.